எத்தனையாவது வந்த?

அறுப்பு முடிஞ்சிருச்சு. சம்பா அறுத்த வயலெல்லாம் தாளோட கெடக்கு, அறுப்புக்கு முன்னாடி ஈரத்துலயே தெளிச்சு விட்ட உளுந்து இப்ப அந்தத் தாளுக்கு நடுவுல பச்சையா தலை தூக்கிட்டு நிக்குது. வருசத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் இது, ஏன்னா ரோடு திரும்ப எங்ககிட்ட வந்துடும். தை மாசம் பூரா எங்க பக்கம் சைக்கிள் ட்ரெய்னிங் பண்றது பெரிய பாடு, ஒரு ஓரமா நெல்லு காயும், வண்டி ஏறிடக் கூடாதுன்னு செங்கல்லும் கருங்கல்லும் வரிசையா வெச்சிருப்பாங்க, இன்னொரு ஓரத்துல டிபிசிக்கு, அதான் கவர்மெண்ட் நெல் கொள்முதல் நிலையத்துக்கு, மூட்டை ஏத்திட்டுப் போற டிராக்டரும் லாரியும் நிக்கும், வயல்லேந்து ஏறுற டிராக்டர் ரோடு பூரா களிமண்ணக் கட்டி கட்டியா கொட்டிட்டுப் போகும். காயுற நெல்லு மேல சைக்கிள விட மனசு வராது, விட்டாலும் 28 மில்லிமீட்டர் டயர் அதுல நிக்காது, பால்ரஸ் மேல போற மாதிரி வழுக்கும்.

நேத்து சாயங்காலம் திண்ணைல உக்காந்து செயினையும் பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டையும் கழட்டி சுத்தம் பண்ணுனேன். பழைய பல்லு பிரஷ், ஒரு கிண்ணத்துல டீசல், கிழிஞ்ச வேட்டித் துணி, அவ்ளோதான். ஒவ்வொரு பல்லுக்கு நடுவுலயும் நெல்லுச் சுணை, வைக்கோல் தூசி, பழைய எண்ணெ எல்லாம் சேந்து கருப்பா அடை தட்டுன மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு, அத ஊக்கு வெச்சுக் குத்தி எடுத்தா சுருள் சுருளா வந்து விழுது. ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசில கையில புடிச்சு சுத்தி விட்டேன், சத்தமே இல்லாம சர்ருன்னு ஓடுச்சு. புது சீசன் எப்ப ஆரம்பிக்குதுன்னு கேக்குறாங்க, எனக்கு அந்த சத்தத்துல ஆரம்பிச்சிடுச்சு.

விஷயத்துக்கு வரேன். இந்த வருசம் நான் ஒரு டீமுக்காக ஓட்டப் போறேன். காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு, மாசாமாசம் பணம் வரும், ரேஸுக்குப் போற செலவு அவங்களோடது, சைக்கிளும் அவங்களே குடுத்துட்டாங்க. இத்தனை நாளும் அப்பாவோட உளுந்துக் காசுலயும் மாமா அனுப்புற பணத்துலயும் ஓட்டிட்டு இருந்தவளுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு இந்த விளையாட்டுல இருக்குறவங்களுக்குத் தெரியும். நம்ம ஊர்ல சைக்கிள் ஓட்டி சம்பளம் வாங்கணும்னா பெரும்பாலும் ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா, இல்லன்னா ராணுவம், போலீஸ், இதுதான் வழி. டீம் காண்ட்ராக்ட்னு ஒண்ணு ஒரு பொம்பளப் புள்ளைக்கு வர்றது அபூர்வம்.

நான் ஆரம்பிச்சது எல்லாரையும் போல பதினொன்னாவதுல கவர்மெண்ட் குடுத்த சைக்கிள்லதான். வீட்லேந்து ஸ்கூலுக்கு 9 கிலோமீட்டர். டவுன் பஸ் கிளம்புற நேரத்துல நானும் கிளம்புவேன், அது ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிக்கும், நான் நிக்க மாட்டேன், அதனால பாதி நாள் நான்தான் முதல்ல போய் சேருவேன். பி.டி. டீச்சர்தான் அத கவனிச்சு அண்ணா பிறந்தநாளுக்கு மாவட்டம் மாவட்டமா வெக்கிற சைக்கிள் போட்டில என் பேரக் குடுத்தாங்க. அதுல கியர் சைக்கிள் கூடாது, இந்தியாவுல செஞ்ச சாதா சைக்கிள்தான் ஓட்டணும், 17 வயசுக்குள்ள பொண்ணுங்களுக்கு 15 கிலோமீட்டர். அன்னைக்கு பாவாடை தாவணி மாட்டிக்கும்னு அம்மா அண்ணனோட டிராக் பேண்ட்ட வெட்டி தைச்சுக் குடுத்தாங்க. முதல் பரிசு வாங்குனேன். அந்த சைக்கிள் இன்னும் வீட்ல இருக்கு, அம்மா அதுலதான் பால் ஊத்தப் போறாங்க.

அதுலேந்து எங்க வீட்ல, தெருவுல, டீக்கடைல, பஸ் ஸ்டாண்டுல எல்லாம் என்கிட்ட ஒரே கேள்விதான், எத்தனையாவது வந்த? நல்ல கேள்விதான், அன்போட கேக்குறதுதான், நான் தப்பு சொல்லல. ஆனா இந்த வருசம் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு முன்னாடியே எழுதி வெச்சிடலாம்னுதான் இந்தப் பதிவு.

இந்த டீம்ல எனக்குக் குடுத்துருக்குற வேலை ஜெயிக்கிறது இல்ல. டொமஸ்டீக்னு சொல்லுவாங்க, பிரெஞ்சு வார்த்தை, வேலைக்காரன்னு அர்த்தம். சைக்கிள் ரேஸுல பெரிய எதிரி காத்துதான், வேகம் கூடக் கூட காத்து தர்ற எதிர்ப்பு பல மடங்கு ஏறும், மணிக்கு 30 கிலோமீட்டர்ல போறவ 40-ல போகணும்னா மூணுல ஒரு பங்கு கூட மிதிச்சா பத்தாது, காத்தத் தள்ளுறதுக்கு மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல சக்தி வேணும். ஆனா ஒருத்தர் பின்னாடி ஒட்டிட்டுப் போனா அந்த சக்தில மூணுல ஒரு பங்கு கிட்ட மிச்சம். அப்ப ரேஸுல கடைசி வரைக்கும் ஒருத்தியோட கால்ல தெம்பு இருக்கணும்னா அதுவரைக்கும் வேற ஒருத்தி அவளுக்கு முன்னாடி நின்னு காத்த வாங்கணும். பின்னாடி வர்ற கார்கிட்ட போய் தண்ணி பாட்டில் எடுத்து ஜெர்சிக்குள்ள திணிச்சுட்டு திரும்ப முன்னாடி போய் எல்லாருக்கும் குடுக்கணும். லீடருக்குப் பஞ்சர்னா நம்ம சக்கரத்தக் கழட்டிக் குடுக்கணும். அந்த வேலை என்னோடது. எங்க லீடர் விஜயபுரா பக்கத்து அக்கா, கன்னடம் பேசுவாங்க, மலை ஏறுனா பின்னாடி யாரும் ஒட்ட முடியாது.

இந்த வேலை எனக்கு வந்ததுக்குக் காரணம் போன சீசன்ல ராஜஸ்தான் பக்கம் ஓட்டுன ஒரு ரேஸ்தான். கையில விரிச்சு வெச்ச மாதிரி தட்டையான ரோடு, ரெண்டு பக்கமும் மரமே கெடையாது, மணலும் முள்ளுச் செடியும்தான். பாதி தூரம் வரைக்கும் எல்லாரும் கும்பலா பேசிக்கிட்டே போனாங்க. எனக்கு மட்டும் வயித்தக் கலக்குச்சு, ஏன்னா இந்த மாதிரி ரோட்ட எனக்கு நல்லா தெரியும். எங்க மாமா வேதாரண்யத்துல உப்பளத்துல வேலை பாக்குறார், லீவுக்கு அங்க போயிடுவேன், அவருக்குக் கடிகாரத்த விட காத்துதான் முக்கியம், வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு நாலு திசைக் காத்துக்கும் பேர் சொல்லுவார், ஒரு கைப்பிடி மண்ண எடுத்துத் தூவிப் பாத்துட்டு இன்னைக்கு உப்பு எப்படி வரும்னு சொல்லுவார். வேதாரண்யத்துலேந்து நாகப்பட்டினம் போற ரோடு வடக்கு தெக்கா ஓடுது, ஒரு பக்கம் கடல், அதனால சாயங்காலம் கடல் காத்து அடிச்சாலும் சரி, ஆடி மாசம் கச்சான் அடிச்சாலும் சரி, விலாவுலதான் வந்து குத்தும். மூணு வருசமா நான் ட்ரெய்னிங் பண்ணுன ரோடு அது.

பக்கவாட்டுக் காத்துல நேர் பின்னாடி போனா பிரயோஜனம் இல்ல. காத்து இடது பக்கத்துலேந்து வந்தா முன்னாடி போறவளுக்கு வலது பக்கமா கொஞ்சம் தள்ளி நிக்கணும், உனக்கு அடுத்தவ உனக்கு வலது பக்கம், இப்படியே ரோட்டுக் குறுக்க சாய்வா ஒரு வரிசை விழும், வானத்துல கொக்கு போற மாதிரி. ஆனா ரோடு ஒரு இடத்துல முடிஞ்சிடுது இல்லையா, ஒரு ஏழெட்டுப் பேருக்கு மேல அந்த வரிசைல இடம் கெடையாது. இடம் கெடைக்காதவங்க எல்லாம் வலது ஓரத்துல மண்ண ஒட்டி ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தொங்கிட்டு வரணும், காத்து பூரா அவங்க மேல, அஞ்சு நிமிசத்துல ஒவ்வொருத்தரா அறுந்து விழுவாங்க. ஒரு தடவ அறுந்தா அவ்ளோதான், அந்த இடைவெளிய மூட முடியாது.

அன்னைக்கு தூரத்துல ஒரு பெட்ரோல் பங்க் வாசல்ல கட்டியிருந்த கொடிய பாத்தேன். தொங்கிட்டு இருந்தது விறைச்சு நின்னுச்சு. அதுக்கு அப்புறம் ரோடு வலது பக்கமா வளையுது, வளைஞ்சா காத்து விலாவுக்கு வந்துடும்னு கணக்குப் போட்டுட்டேன். அப்ப ஸ்டேட் டீம்ல எங்க கூட ஓட்டுன ஒரு அக்கா கும்பலுக்கு நடுவுல இருந்தாங்க, நல்ல ஸ்ப்ரின்டர். நான் பின்னாடி போய் அவங்க இடுப்புல தட்டி, அக்கா என் சக்கரத்தப் புடிங்கன்னு மட்டும் சொல்லிட்டு ஓரமா காத்த வாங்கிக்கிட்டே அவங்கள முன்னாடி இழுத்துட்டுப் போனேன். வளைவுக்கு 300 மீட்டர் முன்னாடி நாங்க முதல் ஆறு பேருக்குள்ள இருந்தோம். வளைஞ்ச உடனே முன்னாடி இருந்தவங்க முறுக்குனாங்க பாருங்க, திரும்பிப் பாக்குறேன், பின்னாடி கும்பல் மூணு துண்டு. நான் அதுக்கப்புறம் 20 நிமிசம்தான் தாங்குனேன், இழுத்து இழுத்து கால் வெந்துடுச்சு, அறுந்து பின்னாடி வந்தவங்களோட சேந்து முடிச்சேன். அக்கா மூணாவது. நான் 31.

ஊருக்கு வந்து எறங்குன உடனே கேட்டாங்க, எத்தனையாவதுமா? 31-ன்னேன். பரவால்ல விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்னு பாவமா சொன்னாங்க. எனக்கு என் வாழ்க்கைல அத விட நல்லா நான் ஓட்டுன ரேஸே கெடையாது. அத எப்படி சொல்றதுன்னு தெரியல. ஆனா அந்த ரேஸுல எங்கேயோ ஒரு கார்ல உக்காந்துட்டு ஒருத்தர் அந்த வளைவப் பாத்துருக்கார், அவருதான் இப்ப எங்க டீம் கோச்.

இதுல இன்னொரு விஷயம் என் மனச விட்டுப் போகவே இல்ல. 2024-ல பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ். பல ஸ்டேஜா, அதாவது பல கட்டமா ஓடுற ரேஸ் அது, எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டி யாருக்குக் கம்மியோ அவங்களுக்குத்தான் பட்டம். அதுக்கு முந்தின வருசம் ஜெயிச்ச டெமி வோலரிங் அஞ்சாவது ஸ்டேஜ்ல கடைசி சில கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்துட்டாங்க. எந்திரிச்சு வலியோட ஓட்டி முடிக்கும்போது 1 நிமிசம் 47 செகண்ட் போச்சு, முன்னாடி அவங்க டீம்ல இருந்த இன்னொருத்தரு அந்த ஸ்டேஜையே ஜெயிச்சுட்டாங்க. கடைசி நாள் ஆல்ப் டுவெஸ் மலைல டெமி இன்னொருத்தரோட சேந்து ஏறி, கடைசில அவங்கள முந்தி அந்த ஸ்டேஜ ஜெயிச்சாங்க, ஆனா மொத்தக் கணக்குல போலந்துக்காரங்க காஷியா நியவியடோமா 4 செகண்ட் வித்தியாசத்துல பட்டத்த எடுத்துட்டாங்க. எட்டு ஸ்டேஜ், ஏழு நாள், கடைசில 4 செகண்ட். காஷியா அத உயிரக் குடுத்துதான் காப்பாத்துனாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த அஞ்சாவது ஸ்டேஜ்ல டெமிக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் நின்னு காத்த வாங்கியிருந்தா அந்த 4 செகண்ட் எங்க போயிருக்கும்னு நான் யோசிக்காத நாள் இல்ல. நாலு செகண்டுங்குறது ஒருத்தி ஒரு 300 மீட்டர் கூட இழுத்துட்டுப் போறதுதான். அந்த 300 மீட்டர்தான் என் வேலை.

மலை எனக்கு வராது, அதையும் சொல்லிடுறேன். எங்க திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டத்துல உசரம்னு பாத்தா ரயில்வே மேம்பாலமும் ஆத்துக் கரையும்தான். மேம்பாலத்துல 20 தடவ ஏறி எறங்குறத பாத்துட்டு பாலத்துக்குக் கீழ இளநி விக்கிற அண்ணன் ஒரு நாள் நிப்பாட்டி, ஏம்மா எதாவது தொலைச்சுட்டியான்னு கேட்டார். மாசத்துல ரெண்டு தடவ பஸ் புடிச்சு கொல்லிமலைக்குப் போறேன், 70 கொண்டை ஊசி வளைவு, முதல் தடவ 40-ஆவது வளைவுல வாந்தி எடுத்தேன், இப்ப நிக்காம ஏறிடுறேன். கோச் சார் சொல்றது, நீ மலைல லீடரோட மேல வர வேணாம், மலை அடிவாரம் வரைக்கும் அவள முதல் பத்துப் பேருக்குள்ள கொண்டு வந்து விட்டுடு, அப்புறம் உன் பாட்டுக்கு ஏறு, டைம் கட்டுக்குள்ள, அதாவது ரேஸுல நீடிக்கிறதுக்கு வெச்ச நேர வரம்புக்குள்ள, வந்தா போதும். அந்த டைம் கட்டுக்குள்ள வர்றதுக்குத்தான் கொல்லிமலை.

2026 ஜனவரில புனேல, உலக சைக்கிள் சங்கமான யூசிஐயோட 2.2 தரத்துல ஸ்டேஜ் ரேஸ் நடந்துச்சு இல்லையா, 400 கிலோமீட்டருக்கு மேல, பல நாட்டு டீம் வந்துச்சு, ரோடு ஓரத்துல சனம் நின்னத பாத்து எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அது ஆம்பளைங்க ரேஸ். அதே ரோட்ல எங்களுக்கும் ஒண்ணு வெக்கணும், வெச்சே ஆகணும், ஓட்டுறதுக்கு ஆள் இருக்கோம். எங்க ஸ்டேட்லயும் அப்படி ஒண்ணு வரணும். கல்லணைல ஆரம்பிச்சு திருவையாறு, கும்பகோணம் வழியா ஒரு நாள், அப்புறம் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்னு ஒரு நாள். 1930-ல ராஜாஜி தலைமைல திருச்சிலேந்து வேதாரண்யத்துக்கு நடந்தே வந்து உப்பு எடுத்தாங்களே, ரெண்டு வாரம் ஆச்சு அவங்களுக்கு. அதே திருச்சிலேந்து வேதாரண்யம் வரைக்கும் பொண்ணுங்க ஒரே நாள்ல ஓட்டி முடிக்கிற ரேஸ், நெனச்சுப் பாருங்க. கடைசி 30 கிலோமீட்டர்ல கடல் காத்து மட்டும் அடிச்சா போதும், அப்புறம் யாரு எங்க இருக்காங்கன்னு பாக்கலாம்.

சரி, அப்பா விஷயத்துக்கு வரேன், உண்மைல அதுக்குத்தான் இவ்ளோ எழுதுனேன்.

கையெழுத்துப் போட்ட அன்னைக்கு ராத்திரி சாப்புடும்போது அப்பாகிட்ட சொன்னேன், இந்த வருசம் நான் ஜெயிக்க மாட்டேன்பா, இன்னொரு அக்காவ ஜெயிக்க வெக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்னு. அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, ரசத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தார். அப்புறம், அப்ப உன் பேரு பேப்பர்ல வராதா பாப்பான்னு கேட்டார். வராதுப்பான்னேன். அம்மாவுக்கு மொகம் சுருங்கிடுச்சு. நான் என்னென்னமோ சொல்லிப் பாத்தேன், காத்து, மூணுல ஒரு பங்கு, டூர் டி பிரான்ஸ்னு. எங்க வயல் கடைமடை, ஜூன் 12 மேட்டூர் தெறந்து, அப்புறம் மூணு நாலு நாள்ல கல்லணை தெறந்து, எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேர ஜூலை ஆயிடும், மேல இருக்குறவங்க மடைய அடைச்சு விட்டாத்தான் கீழ வரும், அந்த மாதிரி வெச்சுக்கங்கன்னு கூட சொன்னேன். அப்பா தலைய ஆட்டுனார், ஆனா மனசு ஒப்பலன்னு தெரிஞ்சுது. கை கழுவிட்டு வாசல்ல போய் உக்காந்துட்டார்.

ஒரு அரை மணி நேரம் கழிச்சு கூப்புட்டார். "பாப்பா, காலைல நான் வண்டில முன்னாடி போறேன்ல, அதுதானே அந்த வேலை?"

மூணு வருசமா வாரத்துல ரெண்டு நாள் அப்பா டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னாடி போவார், நான் அந்த வண்டிக்கு ஒரு அடி பின்னாடி ஒட்டிக்கிட்டு 45-ல மிதிப்பேன். மோட்டார் பேசிங்னு சொல்லுவாங்க, வேகமான ரேஸுக்குக் கால் பழகணும்னா இதுதான் வழி. வண்டி சின்னது, அப்பாவும் ஒல்லி, அதனால எனக்கு மறைப்பு பத்தலன்னு அவரே பின்னாடி சீட்டுல தவிட்டு மூட்டைய நிமித்தி வெச்சுக் கட்டிக்குவார். கண்ணாடில என்னப் பாத்துக்கிட்டே போவார், நான் ஒரு சாண் பின்னாடி விழுந்தா ஆக்ஸிலேட்டர கொஞ்சம் எளக்குவார், சொல்லாமலே. அத விட நல்லா ஒரு லீடர இழுக்க யாராலயும் முடியாது. எனக்கு இது எப்படித் தோணாமப் போச்சுன்னு தெரியல, எல்லாத்தையும் சொன்னேன், இத மட்டும் சொல்லல.

ஆமாப்பா, அதேதான்னேன்.

"அந்தப் பொண்ணு எவ்ளோ ஒசரம்?"

எதுக்குப்பான்னேன். கேளு சொல்றேன்னார். அக்காவுக்கு அந்த நேரத்துலயே மெசேஜ் போட்டேன், 5 அடி 7 அங்குலம்னு பதில் வந்துச்சு. நான் 5 அடி 3. அப்பா வெறுமனே உம்னு சொல்லிட்டு படுக்கப் போயிட்டார்.

இன்னைக்குக் காலைல நாலரைக்கு எந்திரிச்சு, அம்மா வெச்ச மாப்பிள்ளை சம்பா கஞ்சியக் குடிச்சுட்டு, ரெண்டு பூவம்பழத்த பின் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தா அப்பா வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டு நிக்குறார். பின்னாடி மூட்டையக் காணோம். கேட்டதுக்கு, ஏறும்மா போலாம்னார். வேதாரண்யம் ரோட்டுக்கு வந்து வேகம் புடிச்ச உடனே ஹேண்டில்பார் மேல அப்படியே குனிஞ்சு படுத்துட்டார், தோள் ரெண்டும் எறங்கி, தலை ஹெட்லைட்டுக்கு நேரா. இத்தனை வருசமா அவரு முதுகுக்குப் பின்னாடி எனக்குக் கெடைச்ச அந்த அமைதி இல்ல, நெத்தில, காதுல, தோள்ல எல்லாம் காத்து வந்து அடிக்குது, 40-ஐத் தாண்டவே மூச்சு வாங்குது. முன்னாடிலேந்து கத்துனார்.

"இப்புடித்தான் பாப்பா இருக்கும் அந்தப் பொண்ணுக்கு, நீ குனிஞ்சு மிதிச்சா!"